மயக்கமண்ணையின் மூன்றெழுத்து

நாளைக்கு மனிதர்கள் சந்திரனில் குடியேறி, அங்கே ஒருவர் தலைசுற்றி விழுந்து, பக்கத்தில் நின்றவர் அவரைப் பதமாகத் தூக்கிக்கொண்டு வீடு சேர்த்தால், அந்தப் புண்ணியத்தில் முக்கால் பங்கு ரொறொன்ரோவின் மல்வேர்னில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் மன்னார்க்காரர் ஒருவரைச் சேரும். இதை எழுதும்போது பேனை தாளைக் கிழிக்கிறது. வாசகர்கள் உணர்ச்சி என்று நினைக்க வேண்டாம். சுத்தப் பொறாமை.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் அதைக் கேட்டதில்லை. பஸ் சாரதி தொடக்கம் பலகாரக் கடைப் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் மயக்கம் அண்ணை, சேர்த்துக் கூப்பிட்டால் மயக்கமண்ணை. மயங்கிக் கிடப்பதையே உத்தியோகமாக வைத்திருந்தவருக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

முதலில் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியை எழுத வருமுன் நான் பதினொரு வருடம் வேறொரு வாரப் பத்திரிகையில் விண்வெளியைப் பற்றி எழுதினேன். பகலில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். மாலையில் வீட்டு நிலக்கீழ் அறையில் வியாழனும் அதன் சந்திரன்களும். ரொக்கட் எத்தனை கட்டமாக எரிகிறது என்று நித்திரையிலும் சொல்லுவேன். அந்தப் பதினொரு வருடத்தில் எனக்கு வந்த வாசகர் கடிதம் ஒன்றே ஒன்று. சனி மாற்றம் தன் ராசிக்கு எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்படி நான் வானத்தைப் பார்த்துக் கழுத்து நொந்துகொண்டிருந்த காலத்தில்தான், பக்கத்து வீட்டு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு படுத்தபடியே விண்வெளி வீரர்களின் கைகளில் ஏறிவிட்டார்.

நடந்தது இதுதான். ரொறொன்ரோவிலிருந்து கிழக்கே ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் கல்லுடைத்துத் தோண்டிய ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. கல் முடிந்த பிறகு அதில் தண்ணீர் நிரம்பி ஆழமான குளமாகிவிட்டது. ஒரு தனியார் நிறுவனம் அந்தக் குளத்தின் அடியில், இரும்புக் கால்களின் மேல், ஒரு வீட்டை நிறுத்தியிருந்தது. வீட்டின் அடித்தளத்தில் ஒரு திறந்த வாசல். கவிழ்த்த கிளாசைத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று நிற்குமல்லவா, அதே மாதிரி அந்த வாசலால் தண்ணீர் ஏறாது. பல நாடுகளிலிருந்தும் விண்வெளிக்குப் போக ஆயத்தமாகிறவர்கள் வந்து அதற்குள் ஒரு கிழமை இருப்பார்கள். இடுப்பில் அளவாக ஈயம் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினால் சந்திரனில் நடப்பதுபோல மெல்ல மெல்ல எழும்பி நடக்கலாம். உள்ளே ஒரு நாள் இருந்துவிட்டால் நினைத்தவுடன் மேலே வரவும் முடியாது. பல மணித்தியாலம் பொறுத்து, உடம்பைப் பழக்கித்தான் வரவேண்டும். பயந்து ஓடிவர முடியாத இடம் என்பதால்தான் அது விண்வெளிக்கு நல்ல ஒத்திகை.

மயக்கமண்ணை அங்கே போனது உடுப்பு மாற்றும் அறைகளைக் கழுவுவதற்கு. துப்புரவு ஒப்பந்தக்காரர் ஒருவர் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர். அன்றைக்கென்று, மயங்கிய ஆளாக வைத்துப் பழகும் ரப்பர் பொம்மைக்குக் கை கழன்றுவிட்டது. பயிற்றுநர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் புல்லில் நான் கிடக்கட்டுமோ என்று கேட்டிருக்கிறார். கிடந்தார். இரண்டுபேர் தூக்கினார்கள். தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம், வாய் மெல்லத் திறந்தபடி. அவ்வளவு அசலாக இருந்ததால் மூன்றாவது ஆள் ஓடிப்போய் வைத்தியரைக் கூட்டிவந்தார். வைத்தியர் நாடி பார்க்கக் குனிந்தபோதுதான் இவர் ஒரு கண்ணைத் திறந்து, காணுமோ, இவ்வளவு போதுமோ என்று கேட்டாராம்.

அத்தோடு வாளி போனது. கடலுக்குள் பிறந்து வளர்ந்த உடம்பு, மூன்று மாதத்தில் நீருக்கடியில் வேலை செய்யச் சுழியோடிப் பத்திரம் எடுத்துவிட்டார். ஐப்பசி கடைசியில் குளத்தில் குளிர் ஏறினால் வேலை நின்றுவிடும். வைகாசியில் திரும்பவும் மயங்கப் போவார். இருநூற்று நாற்பது இறாத்தல் ஆள், சந்திரக் கணக்கில் ஈயம் கட்டித் தண்ணீருக்குள் விட்டால் நாற்பது இறாத்தல்தான். அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், தண்ணிக்குள்ளைதான் இவர் அளவான ஆள் என்று சொல்லுவார்.

பனிக்காலத்தில் அவருக்குப் பயிற்சி விட்டுப்போகக் கூடாதே. அந்த ஐந்தாறு மாதமும் மல்வேர்ன் பட்ட பாடு கொஞ்சமில்லை. மயக்கத்தில் வகைகள் இருக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. இரத்தத்தில் சீனி இறங்கினால் முழங்கால் முதலில் மடியும். பயத்தில் மயங்குகிறவன் மரம்போல நேரே பின்னால் போவான். ஒட்சிசன் குறைந்தால் மனிதன் சிரித்துக்கொண்டே விழுவான். இதிலே சிரித்துக்கொண்டு விழுவதுதான் கடினம் என்பார். ஒருநாள் தமிழ்க் கடையில் குத்தரிசி மூட்டைகளுக்கு நடுவே அந்தச் சிரிப்பு மயக்கத்தைப் போட்டுப் பார்த்தார். கடைக்காரர் அம்புலன்ஸ் கூப்பிட்டார். அம்புலன்ஸ்காரர்கள் தூக்கும்போது இவர் கண்ணை மூடியபடியே, வலது பக்கத்தாள் நல்லாத் தூக்கிறார், இடது பக்கத்தாள் அவசரப்படுகிறார் என்று புள்ளி போட்டிருக்கிறார். அதன் பிறகு அந்தக் கடையில் அவர் வந்தால் அரிசிப் பக்கம் ஒரு கதிரை போட்டுவிடுவார்கள்.

வீட்டில் அக்காவுக்கு இது பழகிப்போய்விட்டது. நான் ஒருநாள் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போக, இவர் விறாந்தையில் குறுக்கே கிடக்கிறார். அக்கா உடுப்புக் கூடையோடு அவரைத் தாண்டிப் போகிறார். திரும்பி வரும்போதும் தாண்டினார். தேத்தண்ணி போடட்டோ தம்பி என்று என்னிடம் கேட்டார். தரையிலிருந்து ஒரு குரல், எனக்கும் ஒண்டு என்றது.

ஒன்று சொல்லவேண்டும். கோயிலுக்குள் மட்டும் அவர் ஒருநாளும் விழுந்ததில்லை. நீண்ட பூசை, நல்ல புழுக்கம், முழங்காலில் நிற்பது, மயங்குவதற்கு எல்லா வசதியும் உள்ள இடம். ஏனென்று கேட்டேன். அங்கை பொய்க்கு விழக்கூடாது என்றார். அந்த ஒரு பதிலில் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. மரியாதை வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

எரிச்சல் முற்றியது அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில், பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்கு நடந்த சாமத்தியவீட்டில். என் மேசையில் நான், என் மனைவி, ஒரு தட்டு ரோல்ஸ். அவருடைய மேசையில் கதிரை போதாமல் ஆட்கள் நின்றுகொண்டு கேட்கிறார்கள். சந்திரனில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு அன்ரி கேட்டார். எங்கடை இடத்திலை கழுத்தளவுக்கு மேலை இருக்கு என்றார் இவர். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழும்பிப் போய், சந்திரனின் தென்துருவத்தில் நிழலான குழிகளில் உறைந்த நிலையில் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். அந்த அன்ரி என்னைப் பார்த்து, தம்பி நீங்கள் சாப்பிட்டிட்டியளோ என்று கேட்டார். பிறகு எல்லோரும் வேண்டிக்கொண்டதால் மயக்கமண்ணை கேக் மேசைக்கு முன்னால் ஒட்சிசன் மயக்கம் போட்டுக் காட்ட, டிஜே பாட்டை நிற்பாட்டினான், வீடியோக்காரன் பிள்ளையை விட்டுவிட்டு இவரைப் படம் பிடித்தான். கைதட்டியவர்களில் என் மனைவியும் ஒருத்தி. வீட்டுக்குப் போகும் வழியில், பாவம் நல்ல மனிசன் என்றாள். நான் கார் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

இவ்வளவு பகிடிக்கும் நடுவே தன் வேலையில் ஒரு விஷயத்தை மட்டும் அவர் பகிடியாக எடுத்ததே இல்லை. பயிற்சி முடிய ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு படிவம் நிரப்புவார்கள். முப்பது கேள்விக்குப் பயிற்றுநர்கள் புள்ளி போடுவார்கள். கடைசிக் கேள்வி மயங்கிக் கிடந்தவருக்கு. இந்த ஆளோடு நீங்கள் சந்திரனுக்குப் போவீர்களா? அதற்கு அவர் தமிழில்தான் பதில் எழுதுவார். மயங்கி எழும்பின கையோடு தனக்கு இங்கிலீசு வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் எழுதுவது இரண்டில் ஒரு சொல். பிடித்தால் ‘போவன்’. பிடிக்காவிட்டால் ‘போகமாட்டன்’. அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். எழுத்து குறைவாக இருந்தால் சரி போடு. நீளமாகக் கிடந்தால் பிழை போடு. இத்தனை வருடத்தில் அந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பவில்லை என்று இவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

எதை வைத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். தூக்குகிற பலமா, வேகமா?

“என்னோடை கதைக்கினமோ எண்டு பாப்பன்,” என்றார். “முகமூடியிலை மைக் இருக்கு, எனக்கு எல்லாம் கேக்கும். எல்லாரும் தங்களுக்குள்ளை கதைப்பினம், காலைப் பிடி, கயித்தை விடு எண்டு. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. மயங்கினவனுக்குக் கேக்காதெண்டு ஆர் சொன்னது ஐசே?”

அதனால் பெரும்பாலானவர்களுக்கு, கொஞ்சம் பதமாகப் பிடித்தாலே போதும் என்று இரங்கி ‘போவன்’ எழுதிவிடுவாராம். ஒருமுறை ஒரு விமானப்படை வீரர், உடம்பெல்லாம் தசை, இவரைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு ஒரு பெரிய மீனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த ஆளுக்கு இவர் யோசிக்காமல் நீளச் சொல்லைப் போட்டார். பாதி வழியில் விட்டுவிட்டுப் போகிறவனோடு எப்படிச் சந்திரனுக்குப் போவது என்பது அவருடைய கேள்வி.

இப்படியிருக்க, நிறுவனம் இரண்டாவது மயக்க ஆள் ஒருவரைத் தேடியது. நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்தேன். படுத்துக் கிடப்பதில் என்ன வித்தை இருக்கிறது? குளத்துக்கரைப் புல்லில் என்னைக் கிடத்தி இரண்டு பேர் தூக்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இடது பக்கத்தாள் பிடித்த பிடி பிழை. களஞ்சியத்தில் இருபது வருடம் பெட்டி தூக்கப் பழக்கியவனால் எப்படிப் பொறுக்க முடியும்? முதுகை வளைக்காதே, முழங்காலை மடி என்று சொன்னேன். சொன்னதைச் செய்கிறானா என்று கண்ணைத் திறந்தும் பார்த்தேன். பயிற்றுநர் மிகவும் மரியாதையாக நன்றி சொல்லி அனுப்பினார். மயக்கமண்ணை மரியாதை பார்க்கவில்லை.

“ஐசே, நீர் மயங்கேல்லை. நீர் மேற்பார்வை பாக்கிறீர்,” என்றார்.

ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்பார்கள். நான் இரண்டு மாதம் அந்தப் புல்லைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வருடம் வேறொரு அறிவித்தல் வந்தது. இனிமேல் விண்வெளிக்கு இளைஞர்கள் மட்டும் போகப்போவதில்லை, சாதாரண ஆட்களும் போவார்கள், ஆகவே மயங்கியவரை ஏற்றி இழுக்கப் புதிதாகச் செய்த இழுவைப் படுக்கையைச் சாதாரண ஆட்களை வைத்துச் சோதிக்கவேண்டும். ஐம்பது தாண்டியவர்கள், கண்ணாடி போட்டவர்கள், கொஞ்சம் வயிறு வைத்தவர்கள் வேண்டும். என்னை நேரில் பார்த்து எழுதியது போல இருந்தது. சோதனையில் தேறுகிறவர்கள் இரண்டு நாள் அந்த வீட்டில் தங்கலாம்.

இரண்டு நாள். வட்ட யன்னலுக்கு வெளியே தண்ணீர் ஆகாயம்போல நிற்க, ஈயம் கட்டிச் சந்திர நடை நடந்து, சுருங்கிய பையிலிருந்து உணவு பிழிந்து சாப்பிட்டு. எனக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. விண்வெளிக்கு நான் கிட்டப் போகக்கூடிய தூரம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பனிக்காலம் முழுக்க உள்ளக நீச்சல் தடாகத்தில் சுழியோடப் பழகினேன். காது அடைத்தது, மூக்கால் இரத்தம் வந்தது, என் மனைவி எனக்குப் பைத்தியம் என்று தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னாள். விடவில்லை.

சோதனை நாள் வந்தது. தண்ணீருக்கு அடியில், வீட்டிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி, மயக்கமண்ணை கிடக்கிறார். சிரிப்பு மயக்கம். முகமூடிக்குள் சாமத்தியவீட்டில் கண்ட அதே சிரிப்பு. உலகத்தில் நான் ஆசைப்பட்ட ஒரே இடத்துக்கு நான் போகவேண்டுமென்றால் இந்த மனிதரை இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். கண்காணிப்புச் சுழியோடி ஒருவர் எட்ட நின்றார். நான் அண்ணையைப் படுக்கையில் ஏற்றி, பட்டி கட்டி, இழுக்கத் தொடங்கினேன். பத்து மீற்றர் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை.

“எழும்பண்ணை,” என்றேன். “நடிச்சது காணும். பதினொரு வருசம் எழுதினனான், ஒரு நாய் வாசிக்கேல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்து பேர் எடுக்கிறாய். வியாழனுக்கு எத்தினை சந்திரன் எண்டு உனக்குத் தெரியுமே? தெரியாது. ஆனால் கைதட்டு முழுக்க உனக்கு. என்ரை மனிசியும் தட்டுறாள். பொறு, கயிறு காலிலை சிக்கிப்போச்சு. நோகுதோ? நோகட்டும். இல்லை, இந்தா எடுத்திட்டன். என்ன சாப்பாடு சாப்பிடுறாய், தண்ணிக்குள்ளையும் இந்தப் பாரம் பாரிக்கிறாய்? இன்னும் கொஞ்சத் தூரந்தான். பயப்பிடாதை, விடமாட்டன். விட்டால் அக்காவுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

ஐம்பது மீற்றரும் இப்படியே. அண்ணை என்று தொடங்கியது எப்போது நீயும் அடாவும் ஆனது என்று எனக்கே தெரியாது. மேலே கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாதது கடவுள் செயல். வாசலுக்குக் கீழே கொண்டுபோய் அவரை மேலே தள்ளிவிட்டு நானும் தலையை நீட்டினேன். இரண்டே நிமிடம் அந்த வீட்டுக்குள் பார்த்தேன். ஒரு சின்ன மேசை. ஆறு தட்டுக் கட்டில்கள். வட்ட யன்னல். யாரோ காயப்போட்ட ஒரு சோடிக் காலுறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவ்வளவுதான் நேரம், உடனே மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. பயிற்றுநர்களின் புள்ளிகள் போதுமானவை. நோயாளியின் பதில்: இல்லை. ஆகவே வருந்துகிறோம்.

நான் அந்த ஒரு வரியை நின்றபடியே பலமுறை வாசித்தேன். மனிதர் மயங்கிக் கிடந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வஞ்சம் தீர்த்துவிட்டார். ஏசியது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஒரு மனிதனின் ஒரே ஆசையில் ‘போகமாட்டன்’ என்று ஆறெழுத்தை அள்ளிப் போடுவதா? இரண்டு நாள் கழித்து வாசலில் கண்டு, என்ன மாதிரி என்று கேட்டார். உங்களுக்குத் தெரியாதோ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அடுத்து வந்த பனிக்காலம் முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே நடைபாதை. முன்பெல்லாம் யார் முதலில் எழும்புகிறாரோ அவர் முழுப் பாதையிலும் பனி தள்ளுவார். நான் இப்போது எல்லையை அடிக்கோல் வைத்தது போலப் பிடித்து, என் பாதியை மட்டும் தள்ளினேன். அவர் வழமைபோல முழுவதையும் தள்ளிக்கொண்டிருந்தார். குற்ற உணர்ச்சி என்று நினைத்து நான் யன்னலால் பார்த்துச் சந்தோசப்பட்டேன். அவர் ஒருமுறை அரிசி மூட்டையோடு சறுக்கி விழுந்ததையும் பார்த்தேன். நடிப்பு என்று சொல்லித் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. உண்மை என்பதால் எழுதுகிறேன். அந்த விழுகையில்தான் அவருடைய முழங்கால் போனது.

வைகாசி பிறந்தும் அவர் வேலைக்குப் போகவில்லை. நிறுவனம் அந்த வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கோ சூடான கடலுக்குப் போய்விட்டது. போகும்போது அவருக்கு நினைவாக ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். எட்டு வருடத்துப் படிவங்கள். அவருடைய மகள் ஷெரின், இங்கே பிறந்த பிள்ளை, தகப்பனின் பிறந்தநாளுக்கு அதையெல்லாம் ஒட்டி ஒரு அல்பம் செய்ய நினைத்தவள், ஒரு தாளோடு என் கதவைத் தட்டினாள்.

“அங்கிள், அப்பா எல்லாத்திலயும் ஒரு வேர்ட்தான் எழுதியிருக்கிறார். இதில மட்டும் எஸ்ஸே மாதிரி. உங்கட நேம் இருக்கு. ஐ கான்ட் ரீட் ஹிஸ் ரைட்டிங்,” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். கடைசிக் கேள்விக்குக் கீழே நாலு வரி, கோடு தாண்டி ஓரம்வரை போயிருந்தது. ஈரக் கையால் எழுதியதால் மை பரந்திருந்தது.

‘போவன். இந்தத் தம்பி வழி முழுக்க என்னை ஏசிக்கொண்டு இழுத்தவன். எட்டு வருசத்திலை மயங்கிக் கிடந்த என்னோடை கதைச்ச முதல் ஆள் உவன்தான். கால் நோகுதோ எண்டும் கேட்டவன். சந்திரனிலை விழுகிறதெண்டால் எனக்கு உவன் பக்கத்திலை நிக்கவேணும்.’

அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய பிழை அடையாளம். அலுவலகப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. எட்டு வருடக் கணக்குப்படி நாலு வரி என்றால், இந்த மனிதனை வாளிக்குள்ளேகூட இறக்காதே என்றுதான் அர்த்தம்.

நான் செருப்பில்லாமலே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டி, உங்கடை பதிலாலைதான் என்னை எடுக்கேல்லை என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. நான் காதுப் பிரச்சினையால் தேறவில்லை என்று நினைத்து, கேட்டால் மனம் நோகுமென்று அத்தனை மாதமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். விளங்கியதும் அந்தச் சிவப்பு அடையாளத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“அண்ணை, எல்லாருக்கும் மூண்டெழுத்து எழுதுறனீங்கள். எனக்கு மட்டும் ஏன் இப்பிடி நீட்டினனீங்கள்?”

“மூண்டெழுத்திலை முடியேல்லை ஐசே,” என்றார்.

சொல்லிவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பப் போய் மெல்லச் சரிந்தார். முழங்கால் முதலில் மடிந்தது. அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தவர், வழமைபோலத் தாண்டப் போய், ஒரு காலைத் தூக்கியபடி நின்று அவருடைய முகத்தைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டுச் சீனித் தண்ணி எடுக்க ஓடினார். நான் நிலத்தில் உட்கார்ந்து அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் கண்ணைத் திறந்து, உது உண்மையா வந்தது என்றார். வெற்றி பெற்றவரின் முகம்.

போன கிழமை அவருக்கு முழங்காலில் ஒப்பரேசன். அக்காவால் ஆஸ்பத்திரியில் நெடுநேரம் இருக்க முடியாது என்று நான் போனேன். மயக்க மருந்து தெளியாமல் கட்டிலில் கிடக்கிறார். தலை ஒரு பக்கம், வாய் மெல்லத் திறந்தபடி, உதட்டில் அந்தச் சிரிப்பு. இந்த வயதிலும் மனிதர் என்னைவிட அழகாகத்தான் மயங்கிக் கிடக்கிறார். எனக்குப் பழையபடி எரிச்சல் வந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினேன். உனக்கென்னண்ணை, உனக்கு இதுவும் வாய்க்குது, கட்டில் தள்ள ஆள், கையைப் பிடிக்க ஆள். வியாழனின் சந்திரன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பனி தள்ளின கதையைச் சொன்னேன். திரைச்சீலையை இழுத்ததையும் சொன்னேன்.

தாதி வந்து, அவருக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றும் கேட்காது, நீங்கள் போய்க் கோப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். நான் எழும்பவில்லை. பாதி வழியில் விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறவனோடு யார்தான் சந்திரனுக்குப் போவார்கள்?